கெடல்ஸ்டன் ஹாலும் கல்கத்தா ராஜ்பவனும்: அச்சு அசல் நகலா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி: "கல்கத்தா ராஜ்பவன், இங்கிலாந்தில் கர்சன் பிரபு பிறந்த கெடல்ஸ்டன் ஹாலின் அச்சு அசல் நகல். பிறந்த வீட்டை மறக்க முடியாமல் கர்சன் இங்கேயும் ஒன்று கட்டிக்கொண்டார்." உண்மையா? டெர்பி பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

டெர்பியில்தான் இருக்கிறேன். கெடல்ஸ்டன் ஊருக்கு வெளியே, வடமேற்கில், காரில் கொஞ்ச நேரம். மனசு சரியில்லாத வாரக்கடைசிகளில் அந்தப் பூங்காவில் நடப்பது வழக்கம் என்பதால் நானே பதில் சொல்கிறேன்.

செய்தியின் பின்பாதி கட்டுக்கதை. கல்கத்தா மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1799-இல், கட்டி முடித்தது 1803-இல். கட்டச் சொன்னவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு. நம்ம கர்சன் பிறந்ததே 1859-இல். அவர் தொட்டிலுக்கு வரும் முன்பே அங்கே அரை நூற்றாண்டு தர்பார் நடந்து முடிந்திருந்தது. 1899-இல் வைஸ்ராயாகப் போனவர், தன் முன்னோர் வீட்டு ஜாடையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கட்டடத்தில் குடியேறினார். அவ்வளவுதான்.

ஜாடை எப்படி வந்தது? கெடல்ஸ்டன் கட்டும்போது தளத்தில் மேற்பார்வை பார்த்தவர் சாமுவேல் வயட். அவருடைய சகோதரர் மகன் சார்லஸ் வயட், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள இஞ்சினியர் படையில் அதிகாரி. கல்கத்தாவுக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். குடும்பத்துக்குள்ளேயே பிளான் கைமாறியிருக்கிறது.

மார்ச் 4

முன்பாதி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "அப்போ நகல்தானே" என்று கிளம்பிவிடுவீர்கள்.

கெடல்ஸ்டனின் பிளான் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வரைந்த வில்லா மொசெனிகோவிலிருந்து வந்தது. நடுவில் பெரிய கட்டடம், நாலு மூலைக்கும் நாலு சிறகுக் கட்டடம், நடுவையும் சிறகையும் சேர்க்க வளைந்த நடைக்கூடம். காகிதத்தில் நாலு சிறகு. தரையில் எழுந்தது இரண்டுதான், இரண்டும் வடக்குப் பக்கம். தெற்கே வரவேண்டிய இரண்டும் வரவே இல்லை. தோட்டப் பக்கமாகப் போய் நின்று பார்த்தால், ரோமில் உள்ள கான்ஸ்டன்டைன் வளைவைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வரைந்த அழகான முகப்பு தன்னந்தனியாக நிற்கும்.

கல்கத்தாவில் நாலும் உண்டு. அதாவது அசல் பாதியில் நின்றது, நகல்தான் முழுசாக முடிந்தது! டெர்பிஷயரில் முன்முகப்பு கல். கல்கத்தாவில் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. தூண் வகை, படிக்கட்டு, முகப்பு எல்லாமே வேறு. பிளானில் உடன்பிறப்பு, முகத்தில் ஒன்றுவிட்ட உறவு.

மார்ச் 4, மாலை

"ஆடம் கட்டிய வீடு" என்று ஒருவர் போட்டிருக்கிறார். அவர் மூன்றாவது ஆள். 1759-இல் வேலை தொடங்கியபோது மாத்யூ பிரெட்டிங்ஹாம் இருந்தார், பிறகு ஜேம்ஸ் பெயின் வந்தார். ஆடம் அப்போதுதான் ரோமில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த இளைஞர். முதலில் அவருக்குக் கிடைத்தது பூங்கா வேலை மட்டும். பாலம், அருவி, மண்டபம் மாதிரி. 1760 வாக்கில் மற்ற இருவரையும் ஓரங்கட்டி மொத்தத்தையும் கையில் வாங்கிக்கொண்டார். புது ஆள் உள்ளே நுழைந்து பழைய ஆளின் பிராஜெக்டைத் தூக்கிக்கொண்டு போவது எல்லா ஆபீஸிலும் நடப்பது.

1758 டிசம்பரில் வீட்டுக்காரர் நாதானியேல் கர்சனைச் சந்தித்துவிட்டு ஆடம் தம்பிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஆளுக்கு வருஷம் 10,000 பவுண்டு வருமானம், நல்ல குணம், கலையில் ரசனை, வேட்டையில் ஆர்வம் குறைவு, செலவுக்கு அஞ்சுவதாக இல்லை என்று ஒரே மூச்சில் ஜாதகம் கணித்திருக்கிறார். வாடிக்கையாளர் இப்படி அமைந்தால் யார் விடுவார்கள்.

மார்ச் 6

"எல்லாம் இந்தியாவில் அடித்த கொள்ளை" என்பவருக்கு.

கோபம் புரிகிறது. ஆனால் இந்த வீட்டுக்கு அது பொருந்தாது. கர்சன்கள் கெடல்ஸ்டனில் 1297-இலிருந்து இருக்கிறார்கள். 1759-இல் கட்டத் தொடங்கிய பணம் டெர்பிஷயர் நிலத்துக் குத்தகைப் பணம். அதில் உழைத்த குடியானவன் வயிறு எரிந்ததா என்றால் அது வேறு வழக்கு, அதற்குக் கீழே வருகிறேன்.

கம்பெனிப் பணத்தில் எழுந்த வீடு வேண்டுமென்றால் வேறு பட்டியல் இருக்கிறது. சர்ரேயில் கிளேர்மான்ட்: சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாக வந்து ஆற்காட்டில் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவ், இருந்த வீட்டை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டியது. முடிந்த வீட்டில் குடியிருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1774-இல் போய்விட்டார். பெர்க்ஷயரில் பேசில்டன் பார்க்: வங்காளத்தில் சம்பாதித்த பிரான்சிஸ் சைக்ஸ். அதே மாவட்டத்தில் ஸ்வாலோஃபீல்ட்: சென்னையில் கவர்னராக இருந்து பெரிய வைரம் வாங்கிப் பிரான்சுக்கு விற்ற தாமஸ் பிட் வாங்கிய வீடு. திட்டுவதாக இருந்தால் முகவரி பார்த்துத் திட்டுங்கள்.

கெடல்ஸ்டனுக்கு இந்தியா உள்ளே வந்தது கடைசியில், வைஸ்ராய் கர்சனின் பெட்டிகளோடு. 2020-இல், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தன் வீடுகளுக்கும் காலனி ஆட்சிக்கும் அடிமை வணிகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதே, அதில் இந்த வீடும் உண்டு.

மார்ச் 9

இன்று மழை. உள்ளே போய்விட்டு வந்தேன். இந்த விவாதம் நடப்பதால் கொஞ்சம் கவனமாகப் பார்த்தேன்.

மார்பிள் ஹாலில் இருபது தூண்கள். ஒவ்வொன்றும் சுமார் 25 அடி. பெயர்தான் மார்பிள், தூண்கள் அலபாஸ்டர் என்ற மென்கல், பக்கத்து நாட்டிங்ஹாம்ஷயரில் வெட்டியது. பக்கச் சுவரில் ஜன்னலே இல்லை, வெளிச்சம் மேலேயிருந்து விழுகிறது. பழைய ரோமானிய வீட்டு முற்றத்தை நினைத்துக்கொண்டு ஆடம் செய்தது.

ஒரு தூணுக்கு முகத்தை வைத்துப் பார்த்தேன் (கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்துதான், பயப்படாதீர்கள்). வெளிர் பச்சையில் செம்பழுப்பு ரேகைகள், மேகம் கலைந்த மாதிரி ஓடுகின்றன. அந்த ரேகைகளைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு நெடுக வரிப்பள்ளங்கள். தூண்களை முதலில் வழவழப்பாகத்தான் நிறுத்தினார்கள். சில வருஷம் கழித்து, நின்ற நிலையிலேயே சாரம் கட்டி வரிப்பள்ளம் செதுக்கினார்கள். ரேகை தன்பாட்டுக்குச் சரிந்து போகிறது, உளி நேராக இறங்குகிறது, இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. வழவழப்பாகவே விட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. கூட வந்த நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, கார் வரைக்கும் சண்டை.

அடுத்தது வட்டக் கூடம். ரோமில் உள்ள பாந்தியன் மாதிரி குவிமாடம், உச்சி 62 அடி. சுவர்க் குழிகளில் ரோமானியப் பலிபீடம் மாதிரி நிற்பவை உண்மையில் கணப்பு அடுப்புகள், இரும்பு. இங்கிலாந்தில் அழகைக் காட்டுவதற்கும் குளிரை மறைப்பதற்கும் ஒரே ஆளை நம்பினால் இப்படித்தான் வரும். அப்படியும் அங்கே ஒரு நாள்கூட எனக்குக் கோட்டைக் கழற்றத் தோன்றியதில்லை.

ராஜ கட்டில் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கால்கள் பனை வகை மரமாகச் செதுக்கி, தங்கப் பூச்சு. அடியில் வேர் பரவுகிறது, உச்சியில் ஓலை விரிகிறது. நம்மூர்ப் பனையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பனையைப் பற்றி யாரோ கடிதத்தில் எழுதியதைப் படித்துச் செதுக்கியது போலிருந்தது.

மார்ச் 10

கேள்வி நல்ல கேள்வி: இவ்வளவு பெரிய வீட்டில் சமையல் எங்கே நடந்தது?

கட்டிய இரண்டு சிறகில் ஒன்று குடும்பத்துக்கு (வடகிழக்கு), இன்னொன்று சமையலுக்கு (வடமேற்கு). நடுக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை. அது முழுக்க விருந்தாளிக்கும் பார்வையாளருக்கும். சமைத்தது வளைந்த நடைக்கூடம் வழியாக விருந்துக் கூடத்துக்கு வரவேண்டும். தீ, வாசனை, சத்தம் எல்லாம் தள்ளி இருக்கட்டும் என்பது கணக்கு. சூடும் தள்ளியே இருந்திருக்கும்.

கல்கத்தாவில் இன்னும் மோசம். நாலு சிறகு கட்டியும் சமையலறைக்கு இடம் வைக்கவில்லை. வைஸ்ராய் மனைவி டஃபரின் சீமாட்டி, சமையலறை கல்கத்தாவில் எங்கோ இருக்கிறது, இந்த வீட்டில் மட்டும் இல்லை என்று கிண்டலடித்தார். சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடும் நம்மவர்கள்தான் அந்த வேலைக்குச் சரி.

மார்ச் 13

4-ஆம் தேதி "அசல் பாதியில் நின்றது" என்று எழுதினேன். அதைப் பற்றி ரெண்டு நாளாக யோசனை. பணம் தீர்ந்து நின்றதா, தேவை தீர்ந்து நின்றதா? குடும்பம் தூங்க ஒரு சிறகு, சமைக்க ஒரு சிறகு. அடுத்த இரண்டில் வரவேண்டியிருந்தது இசைக் கூடமும் செடி வளர்க்கும் கண்ணாடி அறையும் போன்றவை. அவை இல்லாமலே வீடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. என்ன வேலை? வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது.

கட்டி முடித்த சூட்டிலேயே அது தொடங்கிவிட்டது. 1769-இல் அச்சடித்த கையேடு உண்டு, என்னென்ன படம், என்னென்ன சிலை என்று. பார்க்க வருகிறவர்கள் தங்கப் பக்கத்திலேயே ஒரு விடுதி. சுற்றிக் காட்டியவர் வீட்டு மேற்பார்வையாளர் திருமதி கார்னெட், நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர். அவருடைய ஓவியம் இன்றும் அங்கே மாட்டியிருக்கிறது, கையில் கையேட்டோடு. ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரருக்கு ஓவியம் எழுதி மாட்டுவது அந்தக் காலத்தில் அபூர்வம். பிரபுக்களின் படங்களைவிட அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு மனசில் நிற்கிறது. "சீக்கிரம் வாங்க, அடுத்த அறை இருக்கு" என்று சொல்லப்போகிற மாதிரி.

1777-இல் சாமுவேல் ஜான்சனும் பாஸ்வெல்லும் வந்தார்கள். அகராதிக்கார ஜான்சனேதான், பாஸ்வெல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர். தெளிவாக உச்சரித்துப் பேசும் வயதான பெண்மணி சுற்றிக் காட்டினார் என்று பாஸ்வெல் எழுதியிருக்கிறார். இவ்வளவுக்கும் சொந்தக்காரர் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று பாஸ்வெல் உருக, ஜான்சன், இதெல்லாம் சேர்ந்து விலக்குவது ஒரே ஒரு துன்பத்தைத்தான், வறுமையை, என்றார். பிறகு இன்னும் காட்டமாக ஒன்று: இந்த வீடு ஊர் மன்றமாக இருக்க நன்றாகப் பொருந்தும், தூண் கூடத்தில் நீதிபதிகள் உட்காரலாம், வட்டக் கூடத்தில் ஜூரிகள், மேல் அறைகளில் கைதிகள்.

நக்கல்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கழித்து வெல்லெஸ்லி கல்கத்தாவில் செய்தது வேறென்ன? அரசாங்கம் உட்கார ஒரு கட்டடம் வேண்டும் என்றபோது இந்தப் பிளான் தைத்து வைத்த சட்டை மாதிரி பொருந்தியது. வீட்டில் வாழ்வதைவிட வீட்டைக் காட்டுவதற்கே கட்டியது என்பதால்தான் அரசாளவும் அது ஒத்துவந்தது. நகலின் ரகசியம் வயட் குடும்ப உறவில் பாதிதான் இருக்கிறது, மீதி ஜான்சன் சொன்னதில்.

மார்ச் 13, பின்குறிப்பு

பிரபுவின் உடை மாற்றும் அறையில் தன் சின்ன அகராதி கிடந்ததைப் பார்த்ததும் ஜான்சன் ஆவலாகப் பாஸ்வெல்லைக் கூப்பிட்டுக் காட்டினாராம். எழுத்தாளன் என்றைக்கும் எழுத்தாளன்தான்.

மார்ச் 14

கல்கத்தா மாளிகையை வெல்லெஸ்லி கம்பெனி அனுமதியோடு கட்டினாரா என்றவருக்கு: இல்லை, இயக்குநர்கள் அனுமதி கொடுத்துக் கட்டியதில்லை. முதலில் கட்டினார், பிறகு பில் அனுப்பினார். லண்டனில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 1805-இல் வெல்லெஸ்லியைத் திரும்ப அழைத்ததற்குப் போர்ச் செலவோடு இந்த வீட்டுச் செலவும் ஒரு காரணம்.

மார்ச் 16

குடியானவன் வழக்கு. பாக்கி வைத்திருந்தேன்.

இப்போது மாளிகைக்கு முன்னால் நின்றால் புல்வெளி, நீர்நிலை, ஆடம் கட்டிய மூன்று வளைவுப் பாலம், செம்மறி. மனுஷ நடமாட்டமே இல்லாமல் இயற்கையாக அமைந்த காட்சி என்று தோன்றும். இங்கே ஒரு கிராமம் இருந்தது. பிரபுவின் ஜன்னல் பார்வைக்குத் தடையாக இருந்ததால் கிராமத்தைப் பெயர்த்துத் தள்ளி வைத்தார்கள். டெர்பியிலிருந்து வந்த சாலையையும் திருப்பிவிட்டார்கள். ஓடையை அகலமாக்கி ஏரி மாதிரி ஆக்கினார்கள். மிஞ்சியது ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் மட்டும். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம், உள்ளே கர்சன் முன்னோர் கல்லறைகள். அதைத் தொட அவர்களுக்கே மனம் வரவில்லை போல. ஊரில்லாக் கோயில் மாளிகை இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பாலத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் நானும் ஒருவன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 21

கெடல்ஸ்டனில் வைத்திருக்கும் மயில் உடை பற்றிக் கேட்டவருக்கு.

1903 ஜனவரியில் டெல்லி தர்பாரையொட்டி நடந்த நடன விருந்தில் வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி உடுத்தியது. அவர் சிகாகோ கோடீஸ்வரர் லெவி லெய்ட்டரின் மகள். துணி டெல்லிக் கைவினைஞர்களின் ஜர்தோசி வேலை, அதாவது ஜரிகைப் பூவேலை. அதைப் பாரிசுக்கு அனுப்பி வொர்த் நிறுவனம் கவுனாகத் தைத்தது. எடை சுமார் நாலரைக் கிலோ. துணி முழுக்க மயிலிறகு, ஒன்றன்மேல் ஒன்று.

அந்த இறகுக் கண்ணில் பச்சையாக மின்னுவது கல் இல்லை, மணி இல்லை. வண்டின் சிறகு ஓடு. குனிந்து பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது: பொன்வண்டு! தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்து, முட்டை போட்டதா என்று பாடவேளையில் திறந்து பார்த்து அடி வாங்கிய அதே ஜாதி. பொன்வண்டு ஓட்டை மஸ்லினில் தைப்பது 19-ஆம் நூற்றாண்டில் சென்னை, ஐதராபாத் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான சரக்குதான். ஜரிகை நூற்றிருபது வருஷத்தில் கறுத்து மங்கிவிட்டது. வண்டு மங்கவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் பச்சை, அந்தப் பக்கம் சாய்த்தால் நீலம். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பாட்டியிடம் தீப்பெட்டிக் கதையைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மேரி 1906-இல், 36 வயதில் இறந்தார். அவருக்காகக் கர்சன் அந்தத் தேவாலயத்தோடு ஒட்டி ஒரு நினைவுச் சிற்றாலயம் கட்டினார். இருவரும் பளிங்கில் அருகருகே படுத்திருக்கிறார்கள். கர்சனுக்கு இரண்டாம் கல்யாணம் 1917-இல் நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பளிங்கு கொஞ்சம் சங்கடப்படுத்தும்.

மார்ச் 22

கர்சனைப் பற்றி "பணக்காரப் பிள்ளை, சொகுசாக வளர்ந்திருப்பார்" என்று போட்டவருக்கு: அப்படியில்லை. அப்பா பிரபுவும்தான், அந்தத் தேவாலயத்தின் பாதிரியாரும்தான், கண்டிப்பானவர். பிள்ளைகள் பதினொன்று. வளர்த்தது மிஸ் பாராமன் என்ற ஆசிரியை. பொய்யன், கோழை என்றெல்லாம் எழுதிய கூம்புத் தொப்பியை மாட்டி, சிவப்புப் பாவாடை உடுத்தித் தோட்டத்தில் நடக்க வைத்திருக்கிறார். அடிக்கப் பிரம்பு தயார் செய்து தருமாறு பட்லருக்குக் கடிதம் எழுதச் சொல்லி, அதையும் அடி வாங்கப்போகும் பையன் கையாலேயே எழுத வைத்திருக்கிறார். இவை கர்சனே பின்னாளில் எழுதிவைத்தவை.

அனுதாபம் வருகிறது. 1905 வங்கப் பிரிவினையை நினைத்தால் வந்த அனுதாபம் பாதியில் நிற்கிறது.

மார்ச் 23

ஆமாம், அதே கர்சன்தான் 1904-இல் இந்தியாவின் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும். இங்கிலாந்திலும் 1911-இல் டாட்டர்ஷால் கோட்டையின் கணப்பு மாடங்களைப் பெயர்த்துக் கடல் கடத்தப் பார்த்தபோது கோட்டையை விலைக்கு வாங்கி, மாடங்களையும் மீட்டுத் திரும்பப் பதித்தார். கல்லிடம் காட்டிய பரிவை மனிதரிடம் காட்டத் தெரியாத ஆள் என்று எழுதலாமென்று பார்த்தேன். கொஞ்சம் சினிமா வசனம் மாதிரி இருக்கிறது, ஆனால் அழிக்க மனமில்லை.

மார்ச் 29

தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதாவது உண்டா என்று ரொம்ப நாளாக ஒருவர் நச்சரிக்கிறார். இருக்கிறது, நல்லதாகவே.

1947 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக அந்த மாளிகைக்குள் போனவர் ராஜாஜி. வெல்லெஸ்லி அரசாள நினைத்த நாலு சிறகு வீட்டில், தொரப்பள்ளியில் பிறந்த, கதர் கட்டிய, சைவச் சாப்பாட்டுக்காரர். அடுத்த ஜூனில் கவர்னர் ஜெனரலாக டெல்லிக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய மகள்வழிப் பேரன் கோபாலகிருஷ்ண காந்தியும் 2004 முதல் 2009 வரை அதே மாளிகையில் கவர்னர். கர்சன் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான் அங்கே பதவியில் இருந்தார். ராஜாஜி குடும்பத்தில் இரண்டு பேர்.

1887-இல் முதன்முதலாகக் கல்கத்தா வந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்தபோதே, இங்கிலாந்துக் கெடல்ஸ்டனிலிருந்து இந்தியக் கெடல்ஸ்டனுக்கு ஒருநாள் மாறிக்கொள்ள வேண்டுமென்று தனக்கு ஆசை வந்ததாகக் கர்சன் சொல்லியிருக்கிறார். ராஜாஜிக்கு அப்படி ஆசை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

ஈஸ்டர் லீவில் வருகிறேன் என்றவருக்கு. வீடு 1987-இலிருந்து நேஷனல் டிரஸ்ட் கையில், குடும்பத்தினர் இன்னும் ஒரு சிறகில் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே திறந்திருக்கும் நேரமும் பூங்கா நேரமும் வேறு வேறு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் கர்சனின் கீழை நாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. தந்தம், வெள்ளி, ஆயுதம், பரிசாக வந்ததும் விலைக்கு வாங்கியதும் கலந்து. எல்லோரும் முதலில் அங்கே ஓடுவார்கள். நீங்கள் மேலே போய்விடுங்கள், மார்பிள் ஹாலில் கூட்டமில்லாமல் நிற்கலாம். தூண் வரிப்பள்ளம் பற்றி உங்கள் கட்சி என்ன என்று இங்கே வந்து எழுதுங்கள், நண்பரிடம் எனக்கு இன்னும் ஒரு ஓட்டு தேவைப்படுகிறது.